கதவைத் திறக்கும் முன் தொழுவத்தை ஒழுங்குபடுத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நகரத்தில் வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, நிலம் வாங்கி, மாடும் கோழியும் வைத்து, பிள்ளைகளோடு கிராமத்தில் குடியேறப் புறப்படுகின்றன. அந்த ஆசையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டே வருகிறது. ஊழியத்தில் களைத்தவர்கள், சபையார், வழிப்போக்கர் என யார் வந்தாலும் தங்க இடமும் சாப்பிட உணவும் தர வேண்டும் என்பது. "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்ற எபிரெயர் 13:2-ஐ வீட்டு வாசலிலேயே எழுதி வைப்பவர்கள் இவர்கள். நல்ல ஆசை, வளர வேண்டிய ஆசை. ஆனால் முதல் வருடத்திலேயே அது கசந்து, யாராவது வருகிறார்கள் என்றாலே வீட்டில் முகம் மாறுகிற நிலை வந்துவிடுகிறது. அன்பு வற்றிப்போனதாக அவர்களே தங்களைக் குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. பண்ணைக்கு ஒரு கடிகாரம், விருந்தினருக்கு ஒரு கடிகாரம் என்று இரண்டு ஓடுகின்றன. அவற்றை யாரும் பொருத்தி வைக்கவில்லை. "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று 1 பேதுரு 4:9 சொல்வதை நிலத்தில் நிறைவேற்ற என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

கறவையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மோதல் அங்கேதான் தொடங்குகிறது. காலை ஐந்தரைக்குக் கறந்தால் மாலை ஐந்தரைக்குக் கறக்க வேண்டும். விருந்தினர் வந்து சேர்வதும் பெரும்பாலும் அந்த மாலை நேரத்தில்தான். அவர்களை உட்காரவைத்துப் பேசிவிட்டு ஏழரைக்குத் தொழுவத்துக்குப் போனால், மடி கல்லாகி, காம்பிலிருந்து பால் தானாக ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகும் காம்பு திறந்த காம்பு; அதன் வழியே கிருமி ஏறி மடிநோய் வரும். ஒருநாள் தாமதத்தை மாடு தாங்கிக்கொள்ளும். வாரம் இரண்டு முறை என்றானால் பால் குறையும், மடிநோயும் வந்து நிற்கும். ஆகவே வீட்டில் ஒருவர் கறப்பவர், இன்னொருவர் வரவேற்பவர் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். வந்திருப்பவர் பேராயராகவே இருந்தாலும் கறப்பவர் நடுவில் எழுந்து வரக்கூடாது. தொழுவத்திலிருந்தே கைகூப்பி, "வாங்க, உட்காருங்க, முடிச்சிட்டு வந்திடுறேன்" என்று சொன்னால் போதும். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

விருந்தினர் வீட்டுக் குழந்தைகள் கறப்பதைப் பார்க்க ஆசைப்படுவார்கள், பார்க்கட்டும். ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு பார்க்கவிட வேண்டும். காம்பைக் கழுவித் துடைத்துத் தடவினால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பால் இறங்கத் தொடங்கும். அதை இறக்குவது ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு. அதன் வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடம் வரைதான் நிற்கும். அந்த நேரத்தில் பின்னால் புதுக்குரல் கேட்டாலோ, செல்போன் வெளிச்சம் பளிச்சென்று அடித்தாலோ மாடு மிரளும், அட்ரினலின் என்ற பயச் சுரப்பு ஏறும், பாலை அடக்கிக்கொள்ளும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது, மடியில் தங்கிய பாலோ அடுத்த வேளைக் கறவையையும் கெடுக்கும். அதனால் ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும், மாட்டின் பார்வையில் படும்படி முன்பக்கமாக, நாலைந்து அடி தள்ளி, பேசாமல் நிற்கட்டும். கறந்து முடித்ததும் மாட்டுக்குத் தீவனம் வையுங்கள். காம்புத் துளை முழுதாக மூட அரை மணி நேரம் ஆகும். தின்றுகொண்டு நின்றால் அதுவரை அழுக்கில் படுக்காது. தீவனம் வைக்கும் வேலையைக் குழந்தைகளிடமே கொடுக்கலாம்.

கறந்த பாலைக் காய்ச்சாமல் எந்த விருந்தினருக்கும் கொடுக்காதீர்கள். "பண்ணைப் பால், பச்சையாகக் குடித்தால்தான் சத்து" என்று வருபவர்களே கேட்பார்கள். புரூசெல்லோசிஸ், மாட்டுக் காசநோய், லிஸ்டீரியா ஆகிய நோய்களின் கிருமிகள் பார்வைக்கு நன்றாக இருக்கும் மாட்டின் பாலிலும் இருக்கலாம். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள் இவற்றால் அதிகம் பாதிக்கப்படுவார்கள். 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி என்பது பாலைப் பதப்படுத்தும் கணக்கு. வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு கொதி வரும்வரை கிளறிக் காய்ச்சினால் கவலை இல்லை.

அடுத்தது கோழி. ஆதியாகமம் 18-இல் ஆபிரகாம் மந்தைக்கு ஓடி, இளங்கன்றைப் பிடித்து, சமைக்கச் சொல்லிக் கொடுத்ததைப் படித்தவர்கள், விருந்தினர் தலை தெரிந்ததும் கோழியைத் துரத்தத் தொடங்குகிறார்கள். ஆபிரகாமுக்கு வேலைக்காரர் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அறுத்த இரண்டொரு மணி நேரத்தில் கோழியின் தசை விறைக்கும். அந்த விறைப்பில் சமைத்தால் எத்தனை நேரம் வேகவைத்தாலும் ரப்பர்தான். முந்தின நாளே அறுத்து, குளிரில் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் வைத்தால் தசை தளர்ந்துவிடும்.

அறுப்பதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். இரைப்பை காலியாக இருந்தால்தான் சுத்தம் செய்யும்போது கறியில் கழிவு படாது. இறகு பறிக்க முக்கும் தண்ணீர் 60 முதல் 65 டிகிரி, ஏறக்குறைய ஒரு நிமிடம். சூடு குறைந்தால் இறக்கை இறகு பிடிவாதமாக நிற்கும். கூடினால் தோல் வெந்து கிழியும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பையை உடைத்துவிட்டால் பட்ட இடமெல்லாம் கசக்கும். அதை நசுக்காமல், சுற்றியுள்ள ஈரலில் கொஞ்சம் சேர்த்தே வெட்டி எறிவது நல்லது. சுத்தம் செய்த கோழியைப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டு நான்கு மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். முட்டையிட்டு ஓய்ந்த கோழியாக இருந்தால் வறுக்கவே வேண்டாம். குறைந்த தீயில் இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் அதன் சாறு இளங்கோழிக்குக் கிடைக்காத ருசி.

இத்தனையும் திடீர் விருந்தாளிக்குச் சரிவராது என்பது தெரிந்ததே. திடீர் விருந்தாளிக்கு முட்டை இருக்கிறது. அவிப்பதற்கு அன்று இட்ட முட்டையை எடுக்காதீர்கள். ஓடு உரிக்கும்போது வெள்ளைக்கரு பிய்ந்துகொண்டு வரும். நாளாக ஆக முட்டைக்குள்ளிருந்து கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, உள் சவ்வு எளிதாகப் பிரியும். ஒரு வாரம் ஆன முட்டைகளைத் தனிக் கூடையில் தேதி எழுதி வைத்தால் உரிப்பதற்குச் சிரமமே இருக்காது. குளிரூட்டாமல் வைக்கும் முட்டையைக் கழுவவும் வேண்டாம்; ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்விடும்.

கோழிகளை மட்டும் நம்பி விருந்துக்கு அழைக்கவும் கூடாது. பத்துக் கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ தீனி தின்னும். நல்ல பருவத்தில் ஆறேழு முட்டை தரும். இறகு உதிர்க்கும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே இராது. ஆகவே தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு என நான்கு பேருக்கு மூன்று வேளைக்கு ஆனதை ஒரு மூடிய பெட்டியில் போட்டு, வீட்டுச் செலவுக்கு அதைத் தொடுவதில்லை என்று குடும்பமே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எடுத்தால் அந்த வாரமே நிரப்ப வேண்டும். இராத்திரி பத்து மணிக்குக் கதவு தட்டினால் வீட்டம்மாவின் மனசு அமைதியாக இருக்க இந்தப் பெட்டி போதும்.

தங்கும் அறைக்கு வேதத்திலேயே பட்டியல் இருக்கிறது. 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்துச் சூனேம் ஊர்ப் பெண் விவசாய வீட்டுக்காரி. அவள் கணவன் அறுப்பு வயலில் நிற்பவன். எலிசாவுக்காக அவள் கேட்டது ஒரு சிறிய அறை, அதில் கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு. அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை. நிலத்து வீட்டுக்கு நான் சேர்ப்பது மூன்று: ஒரு கைவிளக்கு, இரண்டு மூன்று அளவுகளில் ரப்பர் காலணி, சுவரில் ஒட்டிய ஒரு தாள். அந்தத் தாளில் கறவை நேரம், சாப்பாட்டு நேரம், விளக்கணைக்கும் நேரம், நாய் எப்போது அவிழ்க்கப்படும் என்பது எழுதியிருக்கட்டும். கேட்கக் கூச்சப்படும் விருந்தினருக்கு அந்தத் தாள் பெரிய உபகாரம்.

ரப்பர் காலணி சேறு படாமல் இருக்க மட்டுமல்ல. கோழியோ மாடோ வைத்திருக்கும் இன்னொரு வீட்டிலிருந்து வருபவரின் செருப்பில் கோழிக் கழிச்சல் நோயும், மாட்டின் வாயையும் காலையும் தாக்கும் கோமாரியும் ஒட்டிக்கொண்டு வரும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்தால் ஆயிற்று என்று நினைப்பவர்கள், சேற்றோடு அதில் மிதிக்கவிடுகிறார்கள். சேறும் சாணமும் கிருமிநாசினியைச் செயலிழக்கச் செய்துவிடும். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகே தொட்டி. அதைவிட, வந்தவர் தம் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக் காலணியைப் போட்டுக்கொள்வது எளிது, உறுதியும் கூட.

தண்ணீர்க் கணக்கைப் பலரும் போடுவதில்லை. கறவை மாடு ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்கும். உடம்புக்கு வேண்டியது தனி. ஒரு ஆளுக்குச் சிக்கனமாக 50 லிட்டர். நகரத்துப் பழக்கத்தில் குளித்தால் 100-ஐத் தாண்டும். ஆறு பேர் வந்து மாலையில் வரிசையாகக் குளித்தால், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில் தொட்டி காலி. தீர்வு எளியது: வீட்டுக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடியில் பொருத்தாமல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பொருத்துங்கள். வீட்டுக் குழாய் நின்றாலும் தொழுவத்துக்கான தண்ணீர் அடியில் மிஞ்சும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்ச முடியாதபோது, வாசனை சேர்க்காத 5 அல்லது 6 சதவீத ப்ளீச் திரவத்தை லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். கிணற்றுக்கும் கழிப்பறைக் குழிக்கும் குறைந்தது 30 மீட்டர் இடைவெளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் இருந்தால் ஆட்கள் வந்திருக்கும் நாட்களில் துணி துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ந்தால் மக்காத கழிவு உறிஞ்சு குழிக்குத் தள்ளப்பட்டு மண் அடைத்துக்கொள்ளும். மூடியுள்ள ஒரு குப்பைக்கூடையைக் கழிப்பறையில் வைத்தாலே பாதி அடைப்பு வராது.

ஆபத்துகளைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு மனமில்லை. குழியைத் திறந்து மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று யாத்திராகமம் 21:33, 34 சொல்கிறது. புதுவீடு கட்டினால் யாரும் விழாதபடி மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது உபாகமம் 22:8. விருந்தோம்பலின் முதல் வேலை இதுதான் என்பேன். கிணற்றுக்குப் பூட்டுள்ள மூடி வேண்டும். டிராக்டரில் மற்றக் கருவிகளை ஓட்ட விசை தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று சுற்றும். தொங்கும் துணியோ அவிழ்ந்த கூந்தலோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. எவ்வளவு கெஞ்சினாலும் குழந்தையை டிராக்டரில் ஏற்றாதீர்கள். மூடிய சாணக் குழியைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறப்பது அதனால்தான். விருந்தினர் இருக்கும் நாளில் அந்த வேலையையே தொடாதீர்கள். கன்று ஈன்ற மாட்டின் அருகில், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், புது ஆட்களை விடாதீர்கள். பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் ஒரு பிள்ளையின் உயிரை எடுக்கும்.

விலங்குகளைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். கைக்குத் தடவும் சானிடைசர் கன்றுகளிடமிருந்து வரும் கிரிப்டோஸ்போரிடியம் கிருமியைக் கொல்லாது.

இன்னும் ஒரு கெடுதல் அன்பினாலேயே வருகிறது. விருந்து முடிந்து மீந்த தானிய உணவை எல்லாம் வாளியில் அள்ளி மாட்டுக்கோ ஆட்டுக்கோ கொட்டுவார்கள். பழக்கமில்லாமல் ஒரேயடியாக மாவுச்சத்தைத் தின்றால் அசைபோடும் வயிற்றில் அமிலம் பெருகும்; இரை எடுக்காது, வயிறு உப்பும், தள்ளாடும், ஒன்றிரண்டு நாளில் செத்தும் போகும். குழந்தைகள் கையால் ஊட்ட வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு பிடி புல் கொடுங்கள். இறைச்சி கலந்த மிச்சத்தைப் பன்றிக்கும் போடக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், கோமாரி போன்றவை அந்த வழியாகப் பரவும்.

வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது லேவியராகமம் 19:9, 10. தோட்டம் வைத்திருப்பவர்கள் வாசலுக்குப் பக்கத்து ஒரு வரிசையை அப்படி ஒதுக்கி, வருகிறவர் யாரும் பறிக்கலாம் என்று விடுவது அழகான பழக்கம். ஒன்றே ஒன்று: மருந்து அடித்த செடியில், லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை சிவப்புத் துணி கட்டுங்கள். துணி கட்டிய செடியைத் தொடக்கூடாது என்பதை வந்தவுடன் சொல்லிவிடுங்கள். ஒதுக்கிய வரிசைக்கு மருந்தே அடிக்காமல் விடுவது இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை தனிச் சிக்கல். ஓய்வுநாளிலும் எருதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவீர்களே என்று லூக்கா 13:15-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். கறவையும் தீவனமும் தள்ள முடியாத வேலை, அதற்காக மனச்சாட்சியைப் போட்டு வருத்த வேண்டாம். மற்றதைச் சனிக்கிழமையே முடிக்கலாம். பசுந்தீவனத்தை இரண்டு நாளைக்குச் சேர்த்து அறுத்தால் குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் சூடேறிப் புளிக்கும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கும். நிழலில் மெல்லப் பரப்புங்கள். ஆராதனைக்குப் பின் சபையாரைச் சாப்பிட அழைக்க விரும்பினால் சனிக்கிழமை சமைத்ததை ஆழமான பானையில் அப்படியே ஆறவிடக் கூடாது. நடுப்பகுதி இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே இருந்து கிருமி பெருகும். அகலமான பாத்திரங்களில் மூன்று விரல் உயரத்துக்கு ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆராதனைக்காகக் கறவை நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே நாளுக்குக் கால் மணி நேரமாக நகர்த்துங்கள்.

எத்தனை நாள் தங்கலாம்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம்மிடையே வழங்குவது. ஆதித் திருச்சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் திதாக்கே என்ற பழைய நூலும் வழிப்போக்கர் இரண்டு நாள், தேவைப்பட்டால் மூன்று நாள் தங்கட்டும் என்கிறது. அங்கேயே குடியிருக்க விரும்பினால் தொழில் செய்து சாப்பிடட்டும் என்றும் சொல்கிறது. இதைவிடத் தெளிவான ஒழுங்கு வேண்டியதில்லை. மூன்று நாளுக்கு மேல் தங்குபவருக்கு வேலை கொடுங்கள், அது அவருக்கே நிம்மதி. ஆனால் களையெடுக்கும் வேலை வேண்டாம். புதியவர் களையோடு நாற்றையும் பிடுங்கிவிடுவார். முட்டை பொறுக்குவது, பயறு உரிப்பது, பழுத்ததைப் பறிப்பது, பால் பாத்திரம் கழுவுவது போன்றவை போதும். எந்த வேலையாக இருந்தாலும் வேலியிலுள்ள கேட் பற்றி ஒரு விதி: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்ல வேண்டும். நல்லெண்ணத்தில் ஒருவர் மூடிய கேட், மந்தையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போகவிடாமல் நாள் முழுவதும் தடுத்திருக்கும்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புதிதாகக் குடியேறிய குடும்பம் முதல் வருடம் விருந்து கொடுப்பதைவிட விருந்தினராகப் போகப் பழக வேண்டும். வைத்ததைச் சாப்பிடுங்கள் என்பது லூக்கா 10:8. மாடு ஈனும் இரவில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அவர்கள்தான். இரவல் வாங்கிய கருவியைக் கழுவி, எரிபொருள் நிரப்பி, சொன்ன நாளுக்கு முன் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் வேறு சமயத்தாராக இருந்தால் உணவுக்கு முன் ஜெபத்தைச் சுருக்கமாகச் செய்யுங்கள். பந்தியைப் பிரசங்க மேடையாக்காதீர்கள். கேட்டால் சொல்லுங்கள்.

போதகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கறவை வைத்திருக்கும் குடும்பங்கள் உள்ள சபையில் மாலைக் கூட்டத்தை ஏழு மணிக்குத் தள்ளி வையுங்கள். அவர்கள் வீட்டுக்கு ஆட்களை அனுப்பும் முன் எத்தனை பேர், எத்தனை நாள், எந்த நேரத்தில் வருவார்கள் என்பதை ஒரு நாளாவது முன்னதாகச் சொல்லுங்கள். போகிறவர்கள் மாலைக் கறவை முடிந்த பிறகு போய்ச் சேருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொண்டு, கழுவிய செருப்போடு, அவரவர் போர்வையை எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
நிலத்தில் வாழும் ஒரு வாசகர்